சிலிண்டரா, மிஷினா? அதற்கு முன் கட்டில் எங்கே?

"வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள்" என்று மதுரையிலோ திருச்சியிலோ டாக்டர் எழுதிக் கொடுத்த அன்றைக்கே, எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பங்களில் இரண்டு பஞ்சாயத்துகள் தொடங்கிவிடும். சிலிண்டர் வாங்குவதா, காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மிஷின் வாங்குவதா என்பது ஒன்று. பெரியவரை ஊரில் பூர்வீகப் பெரிய வீட்டிலேயே வைத்துக்கொள்வதா, காரைக்குடிக்கோ சென்னைக்கோ கூட்டிப்போவதா என்பது இன்னொன்று. முதலாவதை மாப்பிள்ளைமார் வாட்ஸாப்பில் நடத்துவார்கள். இரண்டாவதைப் பெண்கள் அடுப்படியில் நடத்துவார்கள். ஒரு பஞ்சாயத்தின் முடிவு மற்றதற்குத் தெரியாது.

இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி, நடுவில் எத்தனை படி என்று முதலில் அளந்துவிட்டால், எந்தக் கருவி, எந்த வீடு என்பதில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

கழிப்பறையை ஏன் அளவுகோலாக வைக்கிறேன்? கோயிலுக்குப் போவதை நிறுத்தலாம், மாடி ஏறுவதை விடலாம், கடைத்தெருவை மறந்துவிடலாம். கழிப்பறைக்குப் போகாமல் இருக்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கும் போக வேண்டும், அதுவும் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. குந்தி எழ வேண்டும், முக்க வேண்டும், குளிக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். நுரையீரல் கெட்டவருக்கு இதைவிடக் கடினமான வேலை அன்றாடத்தில் இல்லை.

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வயது 79. அவருக்கு இருப்பது நுரையீரல் திசு தழும்பேறி இறுகிக்கொண்டே போகும் நோய். டாக்டர்கள் பொதுவாக ஐ.எல்.டி. என்பார்கள். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது ரத்த ஆக்சிஜன் சதவீதம் காட்டும் மீட்டரை விரலில் மாட்டினால் 94 காட்டும். பார்ப்பவர்கள் "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். வீட்டின் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு தாண்டிக் கழிப்பறை இருக்கும் பின்கட்டுக்குப் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதே மீட்டர் 91 என்றது. அவ்வளவுதானா என்று கழற்றப் போனேன். ஆனால் எண் நிற்கவில்லை. 88, 86, கடைசியில் 83 வரை இறங்கி, அதற்கப்புறம்தான் மெல்ல ஏறியது. "ஒண்ணுமில்ல ஆத்தா, லேசா எளைப்பு, அம்புட்டுத்தான்" என்றார். அந்த ஒரு வரியைச் சொல்வதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

அதனால் நடந்து வந்ததும் ஒரு நிமிஷமாவது மீட்டரைக் கழற்றாமல் வையுங்கள். நடக்கும்போது விழுந்த அளவு விரலுக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நகப்பூச்சு இருந்தாலும் விரல் சில்லிட்டிருந்தாலும் எண் தவறும். கறுத்த தோலில் இந்த மீட்டர்கள் உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டுவதும் உண்டு. ஆகவே ஒரு தடவையாவது ரத்தக்குழாயில் ஊசி போட்டு எடுக்கும் ஏ.பி.ஜி. பரிசோதனையைச் செய்து, வீட்டு மீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

ஆக்சிஜன் யாருக்கு, எவ்வளவு

சும்மா இருக்கும்போதே மீட்டர் 88 அல்லது அதற்குக் கீழே நின்றாலோ, ஏ.பி.ஜி.யில் ஆக்சிஜன் அழுத்தம் 55 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ வீட்டு ஆக்சிஜன் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வேண்டும் என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம். இந்த விதி 1980, 1981-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. ஆக்சிஜன் மிகவும் குறைந்திருந்தவர்களுக்கு ஆயுளே கூடியது. 2016-இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், கொஞ்சமாகக் குறைந்திருந்தவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்தும் ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறையவில்லை. 94 இருக்கும்போது பயத்துக்கு ஒரு குழாயை மாட்டிவிடுவது பணத்துக்கும் கேடு, பெரியவரின் மனசுக்கும் கேடு.

நடந்தால் மட்டும் ஆக்சிஜன் அளவு விழுகிறவர்கள் நடுவில் இருக்கிறார்கள். ஐ.எல்.டி.க்காரர்களில் இவர்கள் நிறைய. 2018-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், இப்படிப்பட்டவர்கள் நடக்கும்போது ஆக்சிஜன் எடுத்துக்கொண்டால் இளைப்பும் குறைகிறது, அன்றாட வாழ்வும் மேம்படுகிறது என்று கண்டார்கள். அப்பச்சி அப்போது இந்த வகை. இப்போது உட்கார்ந்திருக்கும்போதும் வேண்டியிருக்கிறது.

சி.ஓ.பி.டி. என்றால் இன்னொரு எச்சரிக்கை உண்டு. அவர்களில் பலருக்கு இலக்கே 88-இலிருந்து 92 வரைதான். "பாவம், இளைக்குது" என்று ஆக்சிஜன் அளவை ஏற்றிவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழப்பம் என்று அது வெளியே தெரியும். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பது மருந்துச் சீட்டு மாதிரி. வீட்டுக்கு வந்த அத்தை மாற்றக்கூடாது.

மூன்று கருவிகள்

சிலிண்டரின் பலம், அதற்குக் கரண்டு வேண்டாம் என்பது. அது ஒன்றுதான் பலம். வீட்டுக்கு வருவதில் சின்னது பி டைப், ஏறத்தாழ 1,500 லிட்டர் பிடிக்கும். பெரியது டி டைப், ஜம்போ என்பார்கள், 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்று வைத்தால் பி டைப் பன்னிரண்டரை மணி நேரம் வரும், ஜம்போ 58 மணி நேரம் வரும். நாள் முழுக்க 2 லிட்டர் எடுக்கிறவருக்கு மாதம் பன்னிரண்டு ஜம்போவுக்கு மேல் வேண்டும். கிராமத்தில் இருந்துகொண்டு மாதம் பன்னிரண்டு தடவை வண்டி பிடித்து ஜம்போவைத் திண்ணைப் படியில் ஏற்றி இறக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் நிரப்பிக் கொடுப்பவர்கள் இருந்தாலும், பொங்கல், தீபாவளி அன்று போனை எடுப்பார்களா என்பது வேறு விஷயம்.

மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டருக்குக் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். முழுக் கறுப்பாக இருந்தால் அது பட்டறைக்குப் போவது, வீட்டுக்குள் விடக்கூடாது. சிலிண்டரை நிறுத்தி வைத்துச் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். அதற்கு நம் வீட்டுத் தேக்குத் தூண்கள் தோதாக இருக்கின்றன. எண்ணெய்க் கையோடு வால்வைத் தொடக்கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

கான்சன்ட்ரேட்டர் வீட்டுக் காற்றையே எடுத்து வடிகட்டுகிறது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி நைட்ரஜன். உள்ளே இருக்கும் ஜியோலைட் என்னும் மணிமணியான பொருள் அழுத்தத்தில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்வதால், 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமான ஆக்சிஜன் வெளியே வருகிறது. நிரப்பும் வேலை கிடையாது. 5 லிட்டர் மிஷின் ஏறத்தாழ அரை லட்சம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும், மாத வாடகைக்கும் தருகிறார்கள். வாரம் ஒரு தடவை வெளி ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும். தண்ணீர்க் குப்பி மாட்டியிருந்தால் அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தினமும் கழுவி மாற்ற வேண்டும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பல மிஷின்களின் கையேடு 40 டிகிரி வரைதான் இயக்கச் சொல்கிறது. நம் கத்திரி வெயிலில் ஓடு போட்ட ஓர அறையில் வைத்தால் அது சூடேறிக் கத்தத் தொடங்கும்.

மிஷினின் பலவீனம் கரண்டு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். 5 லிட்டர் மிஷின் சுமார் 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 8.4 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 504 யூனிட் இது மட்டுமே. முதல் 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் இந்த வேகத்தில் கரைந்துவிடும், 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கும் மாறும். அப்பச்சி இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து மிஷினை அணைத்துவிடுவார். கேட்டால், "சும்மா ஒக்காந்துதானே இருக்கேன், எதுக்கு மீட்டரு ஓடணும்?" என்பார். கொண்டுவிற்று வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர், வரவு செலவு ரத்தத்தில் ஊறியது. கடைசியில் தம்பி சென்னையிலிருந்தே ஆன்லைனில் பில் கட்டும்படி செய்தோம். வீட்டுக்கு எந்தத் தொகையும் தெரியவராது. 15 மணி நேரக் கணக்கு அதற்குப் பிறகுதான் நிறைவேறியது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை கரண்டை நிறுத்துவார்கள். பேப்பரில் முன்கூட்டியே வரும். எட்டு மணி நேரத்துக்கு மிஷின் கேட்பது 2.8 யூனிட். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று, நஷ்டம் போக, மூன்றரை மணி நேரம் இழுத்தால் பெரிது. அதுவும் சைன்வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர்வேவ் வகையில் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டே கெட்டுப்போகும். இரண்டு பேட்டரி போட்டாலும் எட்டு மணி நேரத்துக்கு எட்டாது. ஒரு பி டைப் சிலிண்டர் பக்கத்தில் இருந்தால் 2 லிட்டர் கணக்கில் அந்தப் பகல் முழுவதையும் தாண்டி மிச்சமும் இருக்கும். எனவே சிலிண்டரா மிஷினா என்ற கேள்விக்கு என் பதில்: அன்றாடத்துக்கு மிஷின், காவலுக்கு ஒரு பி டைப். சிலிண்டரை மட்டும் நம்புவதும் தவறு, சிலிண்டரே இல்லாமல் மிஷினை நம்புவது அதைவிடத் தவறு. ரெகுலேட்டரைச் சாவி போட்டு மாட்டத் தெரிந்த ஆள் வீட்டில் இரண்டு பேராவது இருக்கட்டும்.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சொந்தபந்தங்கள் அனுப்பிய மிஷின்கள் இன்றைக்கும் பல வீட்டு அறைகளில் பெட்டியோடு கிடக்கின்றன. "எங்ககிட்ட ஒண்ணு சும்மா இருக்கு, எடுத்துக்கங்க" என்று அன்பாகக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் உடனே மூக்கில் மாட்டாதீர்கள். ஓடாமல் கிடந்தால் ஜியோலைட் ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும். குமிழி வரும், சத்தம் வரும், காற்றும் வரும். வருவது வெறும் காற்றாக இருக்கலாம். சர்வீஸ்காரரை அழைத்து ஆக்சிஜன் அனலைசர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 82 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் பயனில்லை. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மிஷினிலேயே ஒரு மீட்டர் இருக்கும், அதையும் பாருங்கள்.

மூன்றாவது, தோளில் மாட்டிப்போகும் போர்ட்டபிள். எடை இரண்டு மூன்று கிலோ, பேட்டரியில் ஓடும், ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை விலை. வெளிநாட்டுப் பிள்ளைகள் முதலில் வாங்கி அனுப்ப நினைப்பது இதைத்தான். பெரும்பாலானவை மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு வீச்சு ஆக்சிஜன் விடும். அதில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் லிட்டர் அல்ல. வாயைத் திறந்து தூங்குகிறவர்கள், மெல்லிய மூச்சு விடுகிறவர்கள் இழுப்பதைக் கருவி உணராமலேயே போகும். நடந்தால் 4, 5 லிட்டர் கேட்கிறவருக்கு இது போதாது. வாங்கும் முன் அதை மாட்டிக்கொண்டு நடக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள்; எண் விழுந்தால் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது வெளியே போகிறவர்களுக்குத்தான் இந்தப் பணம் நியாயம். மற்றவர்கள் கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்று வரும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். விமானத்தில் சிலிண்டரை ஏற்றவிட மாட்டார்கள். டாக்டர் சான்றிதழோடு, முன்கூட்டியே சொல்லி, போர்ட்டபிளைக் கொண்டுபோகலாம்.

எந்தக் கருவியானாலும் நெருப்புக்கு ஆகாது. வேட்டி, போர்வை, தலையணை எல்லாம் ஆக்சிஜனில் ஊறியிருக்கும், ஒரு பொறி போதும். குத்துவிளக்கு, கற்பூரம், பீடி, அடுப்பு எதுவும் பத்தடிக்குள் வேண்டாம். மூக்கு வறண்டால் வாசலின், தைலம், எண்ணெய் தடவாமல், தண்ணீரில் செய்த ஜெல்லை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

மூன்று வீடுகள்

ஊரில் இருக்கும் பெரிய வீட்டுக்கு நான் எதிரி அல்ல. உயரமான கூரை, முற்றத்து வெளிச்சம், எந்நேரமும் ஓடும் காற்று, வழுவழுப்பான சுவர். மூச்சு வாங்குகிற மனுஷனுக்கு அந்த வளவில் உட்கார்ந்தாலே பாதி இளைப்பு அடங்கும். முகத்தில் காற்று படுவது இளைப்பைக் குறைக்கும் என்பது மருத்துவமும் ஒப்புக்கொண்ட சங்கதிதான். கையில் பிடிக்கும் சின்ன ஃபேன் ஒன்றை டாக்டர்களே சிபாரிசு செய்கிறார்கள். போகிற வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். ஃபிளாட்டில் அது கிடைக்காது.

ஆனால் அளந்து பாருங்கள். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்கதவு என்று நீண்ட வீடுகள். கழிப்பறை பின்கட்டின் கடைசியில். மிஷினிலிருந்து மூக்குக்கு வரும் குழாயை 15 மீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன, நீண்டால் ஓட்டம் குறையும். முகப்பில் மிஷினை வைத்தால் பின்கட்டுக்குக் குழாய் எட்டாது. நடுக்கட்டில் வைத்தால் இரண்டு பக்கமும் எட்டலாம், ஆனால் ஒவ்வொரு நிலைப்படியிலும் குழாய் சிக்கும், ஆத்தங்குடிக் கல்லில் ஈரம் பட்டால் கால் வழுக்கும். வளவை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டலாமே என்றால், வளவு பங்காளிகளுக்கெல்லாம் பொது. "சாமி வீட்டுக்குப் பக்கத்துல கக்கூசா?" என்று மலேசியாவிலிருந்து ஒரு குரல் வரும். பத்து வருஷமாக வீட்டை எட்டிப் பார்க்காத குரலாக இருக்கும், இருந்தாலும் பங்கு பங்குதான். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் கமோடு நாற்காலியை அறைக்குள் போடுவது நல்ல வழி. பெரியவர்கள் முதலில் கூச்சப்படுவார்கள். ராத்திரிக்கு மட்டும் என்று ஆரம்பித்தால் ஒப்புக்கொள்வார்கள்.

புறா விஷயம் தனி. பூட்டியே கிடக்கும் மேல்மாடிகளில் புறா கூடு கட்டாத பெரிய வீடு எங்கள் ஊரில் அநேகமாக இல்லை. அதன் எச்சத்திலும் இறகிலும் இருக்கும் புரதம் தொடர்ந்து மூச்சில் போனால், சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையால் வீங்கி, நாளடைவில் தழும்பாகிவிடும். மழையில் ஓடு ஒழுகிப் பூத்த பூஞ்சையும், கழுவாத ஏர்கூலரும் இதையே செய்யும். இந்தியாவில் 19 நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.எல்.டி. நோயாளிகளைப் பதிவு செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 47 சதவீதம் பேருக்கு இருந்தது இந்த ஒவ்வாமை வகைதான். அதாவது பெரியவருக்கு வந்த நோய்க்கு வீடே காரணமாக இருக்கலாம். எவ்வளவு விலை உயர்ந்த மிஷினை வைத்தாலும், தலைக்கு மேலே புறா இருந்தால் வீண். டாக்டரிடம் "வீட்டில் புறா உண்டு" என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சுத்தம் செய்யும்போது நோயாளி அந்த வீட்டில் இருக்கக்கூடாது. எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் வார வேண்டும், வலை அடித்து வழியை அடைக்க வேண்டும். புறா போன பிறகும் அதன் தூசியின் வீரியம் மாதக்கணக்கில் இருக்கும். அப்படிப்பட்ட நோய் என்று உறுதியானால், பெரிய வீட்டை விட்டு வந்துவிடுவதே மருந்து. பூர்வீகப் பாசமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரைக்குடியில் செக்காலை, கழனிவாசல் பக்கம் இருப்பது போன்ற புது வீடுகள் அழகில் ஒன்றுமில்லை. ஆனால் படுக்கையறையை ஒட்டியே வெஸ்டர்ன் டாய்லெட், தரைமட்டம், எட்டடி நடை. கதவுக்கு வெளிப்பக்கத்திலிருந்தும் திறக்கும் தாழ்ப்பாள், உள்ளே பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி, குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் முடிந்தது. சிலிண்டரும் சர்வீஸ்காரரும் அன்றைக்கே வருவார்கள். குறை என்றால் தாளிப்புப் புகை. பெரிய வீட்டில் அடுப்படி எங்கோ இருக்கும், இங்கே மிளகாய் கருகினால் அடுத்த நொடி கட்டிலில் இருமல் கேட்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். இதே யோசனையில் புதுவயல் பக்கம் வீடு பார்ப்பவர்கள் அரிசி ஆலை எந்தத் திசையில், காற்று எந்தத் திசையில் என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

சென்னைக்கு ஆதரவாகச் சொல்ல மூன்று விஷயம் உண்டு. நுரையீரல் நிபுணர் அரை மணி தூரத்தில் இருப்பார், அடுக்குமாடிக்கு ஜெனரேட்டர் இருக்கும், பிள்ளைகள் கூட இருப்பார்கள். மூன்றாவதை மட்டும் நம்பாதீர்கள். பிள்ளைகள் காலை எட்டு மணிக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு வருவார்கள். அது வரைக்கும் டி.வி.யும் நர்ஸும்தான். போகி அன்று காலையில் சென்னைக் காற்று எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு இரண்டு மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்கிறவர், அல்லது ஊரில் பார்த்துக்கொள்ள ஆளே இல்லாதவர் என்றால் சென்னைதான் சரி. போவதாக இருந்தால் நடக்க முடிகிறபோதே போய்விட வேண்டும். மூச்சு முட்டிய பிறகு 400 கிலோமீட்டர் ஆம்புலன்ஸில் போவது வேறு கதை.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதுவும் கழிப்பறைக்கே வந்து நிற்கிறது. தழும்பேறும் நோய்க்கு பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மாத்திரைகள் 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இங்கேயும் கிடைக்கின்றன. தழும்பை ஆற்றாது, நோய் ஓடும் வேகத்தைத்தான் குறைக்கும். பிர்ஃபெனிடோனுக்கு வெயில் ஆகாது, தோல் சிவந்து தடிக்கும். குமட்டலும் உண்டு, சாப்பாட்டோடுதான் போட வேண்டும். நின்டெடானிப் ஆய்வுகளில் பத்தில் ஆறு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பின்கட்டில் கழிப்பறை வைத்துக்கொண்டு எந்த மாத்திரையைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் டாக்டரிடம் வீட்டு வரைபடத்தோடு பேசலாம். நான் பேசினேன், அவர் சிரிக்கவில்லை.

எங்கள் முடிவு

அப்பச்சிக்குக் காரைக்குடி வீடு, 5 லிட்டர் மிஷின், ஒரு பி டைப், இரண்டு பேட்டரி. அம்மாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. பெரிய வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டும் என்று வாரத்தில் பாதி நாள் ஊருக்குப் போய்விடுகிறார். படைப்புக்கு அப்பச்சியையும் காரில் கூட்டிப்போனோம், வாடகை போர்ட்டபிளோடு. மேல்மாடிக்கு வலை அடித்தாயிற்று. அவருடையது புறாவால் வந்த வகை இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அதற்கும் துணிந்தோம். முகப்பிலேயே உட்காரவைத்துவிட்டோம், உள்ளே நடக்கவிடவில்லை. யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கை அங்கிருந்தே முடித்துவிட்டார்.

இன்னும் பேச வேண்டிய ஒரு தேர்வு இருக்கிறது. மூச்சு திடீரென்று மோசமானால் ஐ.சி.யூ.வா, வீடா? சி.ஓ.பி.டி.க்காரருக்குக் கிருமித் தொற்றால் திணறல் கூடினால், முகமூடி வைத்துக் காற்று கொடுக்கும் பைபாப் நன்றாகக் கைகொடுக்கும், பலர் மீண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கவே கூடாது. முற்றிய தழும்பு நோயில் தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டர் வைப்பது பெரும்பாலும் பலன் தருவதில்லை. அவர்களுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுத்துத் திணறலைத் தணிக்க முடியும். அதற்கு நோய் தணிப்புச் சிகிச்சை மருத்துவரை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021-லிருந்து, பிசியோதெரபிக்கும் நோய் தணிப்புக்கும் வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். வென்டிலேட்டர் வேண்டாம் என்று பெரியவர் தெளிவாக நினைத்தால், அதை எழுதி வைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து போதும். அப்பச்சியிடம் இதை நான் கேட்கவில்லை, அவரே தம்பியிடம் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "எழுதாத கணக்கு கணக்கா?" என்றாராம்.

இப்போது அவருக்கு உட்கார்ந்திருக்க 3 லிட்டர், குளியலறைக்குப் போக 5. இது ஏறும். 5 லிட்டர் மிஷின் போதாத நாள் வந்தால் 10 லிட்டர் மிஷின் வாங்க வேண்டும், அது 600 வாட்டை ஒட்டி இழுக்கும். எங்கள் இன்வெர்ட்டர் அதை நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. பி டைப்பும் 8 லிட்டர் வேகத்தில் மூன்று மணி நேரத்தில் காலியாகிவிடும். அந்தக் கட்டத்தில் ஜம்போவே காவலுக்கு வர வேண்டும், அல்லது சின்ன ஜெனரேட்டர். ஜெனரேட்டர் புகை எந்த ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்று எலக்ட்ரீஷியனோடு போன வாரம் வீட்டைச் சுற்றி வந்தோம். வடக்குச் சுவர்தான் தோது என்கிறார்.